தரவரிசையும் செவிவழக்கும்: பன்னாட்டு இசைப் பட்டியல்களில் தமிழ்ப் பாடல்களும் தாமிரபரணிப் படுகையின் கேட்பு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

பாப் பாடல்களின் செல்வாக்கை அளப்பதற்குப் பன்னாட்டுத் தரவரிசைப் பட்டியல்களே பெரிதும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. 1940 முதல் இன்றுவரை இப்பட்டியல்கள் எண்ணும் பொருள் பலமுறை மாறியுள்ளது. கடை விற்பனை, வானொலி ஒலிபரப்பு, பதிவிறக்கம், ஸ்ட்ரீமிங் என எண்ணும் பொருள் மாறியபோதெல்லாம் பட்டியலில் இடம்பெறும் பாடல்களும் மாறின. தமிழ்ப் பாடல்கள் பன்னாட்டு எண்ணிக்கைகளில் தொடர்ந்து புலப்படுவது 2011க்குப் பின்னரே ஆகும். இது தமிழ்ப் பாடலின் வளர்ச்சியைக் குறிக்கிறதா, அளவுகோலின் மாற்றத்தைக் குறிக்கிறதா என்னும் வினாவைத் திருநெல்வேலியையும் தாமிரபரணிப் படுகையையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வானொலி, கொடை விழா ஒலிபெருக்கி, ஒலிநாடா ஆகியவற்றின் வழியே நிகழ்ந்த கேட்பு எந்தப் பட்டியலுக்குள்ளும் வரவில்லை என்பதையும், பட்டியலில் இல்லாமை செல்வாக்கின்மைக்குச் சான்றாகாது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: தரவரிசைப் பட்டியல், ஒற்றைப்பாடல், பில்போர்டு, இலங்கை வானொலி, கொடை விழா, ஒலிநாடா, யூடியூப், தாமிரபரணி.

1. முன்னுரை

1962 ஜனவரியில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தின் 'சிங்கார வேலனே தேவா' என்னும் பாடலில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிப்பது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைக்க, கு. மா. பாலசுப்ரமணியம் இயற்றிய பாடல் அது. சேரன்மகாதேவியை அடுத்துத் தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த சிற்றூர் காருகுறிச்சி. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்ற அருணாசலம் 1964இல் மறைந்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் அப்பாடல் கோயில் விழாக்களிலும் இசைப்போட்டி மேடைகளிலும் வானொலியிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அதே 1962 ஜனவரியில் பிரித்தானியத் தரவரிசைப் பட்டியலில் கிளிஃப் ரிச்சர்டின் 'தி யங் ஒன்ஸ்' முதலிடத்தைப் பெற்று ஆறு வாரங்கள் அவ்விடத்திலேயே நின்றது. அப்பாடல் எந்த நாளில் நுழைந்தது, எந்த இடத்தை எட்டியது, எத்தனை வாரம் நீடித்தது என்பனவற்றை இன்றும் ஓர் ஆய்வாளர் சில நொடிகளில் அறிந்துகொள்ள முடியும். 'சிங்கார வேலனே' எத்தனையாவது இடத்தைப் பெற்றது என்னும் வினாவுக்கோ விடையே இல்லை. அப்பாடலை மக்கள் கேட்கவில்லை என்பது இதற்குக் காரணம் அன்று. அவர்கள் கேட்ட முறையை எண்ணுவதற்கு எவரும் இல்லை என்பதே காரணம்.

பாடல்களின் வரலாறு இன்று எண்களின் துணையோடு எழுதப்படுகிறது. 'உலக அளவில் வெற்றி பெற்ற முதல் தமிழ்ப் பாடல்' என்பன போன்ற தொடர்கள் இதழ்களிலிருந்து ஆய்வேடுகளுக்கும் வந்துவிட்டன. எனவே அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஆராய்வது தமிழிசை வரலாற்றாய்வின் முன்னிபந்தனையாகிறது.

2. பட்டியல் எதை எண்ணுகிறது?

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1894இல் தொடங்கப்பெற்றது. கடைகளில் மிகுதியாக விற்கும் இசைத்தட்டுகளின் பட்டியலை அவ்விதழ் 1940 ஜூலையில் வெளியிட்டது. பிரித்தானியாவில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ் 1952 நவம்பர் 14 அன்று முதற்பட்டியலை வெளியிட்டது. சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டறிந்த விவரங்களே அதற்கு அடிப்படை. அதாவது, ஒரு நாட்டின் இசை விருப்பம் எனப்பட்டது தொடக்கத்தில் ஒருசில கடைக்காரர்களின் மறுமொழியே ஆகும்.

1950களில் பில்போர்டு மூன்று தனித்தனிப் பட்டியல்களை வெளியிட்டது. கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பியவற்றுக்கு ஒன்று, உணவகங்களில் காசு போட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களில் ஒலித்தவற்றுக்கு ஒன்று. ஒரே வாரத்தில் இம்மூன்றிலும் முதலிடங்கள் வேறுபடுவதுண்டு. வாங்குவோர், வானொலி கேட்போர், காசு போடுவோர் ஆகிய மூவகையினரும் ஒரே மக்கள் அல்லர் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. 1958 ஆகஸ்ட் 4 முதல் 'ஹாட் 100' என்னும் ஒருங்கிணைந்த பட்டியல் வரத்தொடங்கியபின், இவ்வேறுபாடு ஒற்றை எண்ணுக்குள் மறைந்தது.

1991 வரை கடைகள் தாமே வரிசைப்படுத்தி அனுப்பிய அறிக்கைகளை நம்பியே விற்பனைப் பகுதி கணிக்கப்பட்டது. அவ்வாண்டு சவுண்ட்ஸ்கேன் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. கடையில் பொருள் விற்கும்போது பதிவாகும் பட்டைக்குறியீட்டின்வழி உண்மையான விற்பனை எண்ணிக்கை பெறப்பட்டது. அதன் விளைவாக நாட்டுப்புறச் சார்புடைய கன்ட்ரி இசையும் கறுப்பின இளைஞர்களின் ஹிப்ஹாப் இசையும் இசைத்தொகுப்புப் பட்டியலில் திடீரென மேலெழுந்தன. அவ்விசைகளின் கேட்போர் ஒரே வாரத்தில் பெருகிவிடவில்லை. கடைக்காரரின் மதிப்பீட்டில் குறைத்துக் காணப்பட்டோர் கருவியின் எண்ணிக்கையில் உரிய இடம் பெற்றனர்.

அடுத்தடுத்த மாற்றங்களும் இவ்வாறே அமைந்தன. 2005இல் இணையப் பதிவிறக்கமும், 2007இல் இணையவழிக் கேட்பும் ஹாட் 100 கணக்கில் சேர்ந்தன. 2012இல் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைக் கடந்த முதற்காணொளி ஆயிற்று. ஆயினும் ஹாட் 100இல் ஏழு வாரங்கள் இரண்டாமிடத்திலேயே நின்றது. யூடியூப் பார்வைகள் அப்போது கணக்கில் இல்லை. வானொலியில் மிகுதியாக ஒலித்த ஆங்கிலப் பாடல் ஒன்று முதலிடத்தைக் காத்துக்கொண்டது. 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. சேர்த்த அவ்வாரமே 'ஹார்லெம் ஷேக்' என்னும் பாடல் நேரே முதலிடத்தில் நுழைந்தது. விதி சில மாதங்கள் முன்னரே மாறியிருந்தால் கொரிய மொழிப் பாடல் ஒன்று 2012இலேயே முதலிடம் பெற்றிருக்க வாய்ப்புண்டு.

3. ஒற்றைப்பாடலும் கால எல்லையும்

பன்னாட்டுப் பட்டியல்களின் அடிப்படை அலகு 'சிங்கிள்' எனப்படும் ஒற்றைப்பாடல் வெளியீடு. பாடலாசிரியரோ கேட்பவரோ வகுத்த அலகன்று அது. இசைத்தட்டு நிறுவனம் விற்பனைக்காக வகுத்த அலகு. நீண்டகாலம், தனி இசைத்தட்டாக விற்பனைக்கு வராத பாடல் எத்துணைப் புகழ்பெற்றதாயினும் ஹாட் 100இல் நுழைய இயலாது. மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாடலான 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' 1994இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் தனி வெளியீடாக விற்கப்படாமையால் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1998 டிசம்பரில் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதே பாடல் 2019 டிசம்பரில் முதலிடம் பெற்றது.

கால எல்லையும் இவ்வாறே விதியால் வரையறுக்கப்படுகிறது. 20 வாரங்களைக் கடந்த பாடல் 50ஆம் இடத்திற்குக் கீழே இறங்கினால் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கும் நடைமுறையைப் பில்போர்டு 1990களில் மேற்கொண்டது. புதிய பாடல்களுக்கு இடமளிப்பதே இதன் நோக்கம். பிரித்தானியாவில் பழைய பாடல்களின் ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை குறைத்து மதிப்பிடப்படுகிறது. கேட் புஷ் 1985இல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் வழியே மீண்டும் புகழ்பெற்றபோது அவ்விதியிலிருந்து அதற்கு விலக்களிக்கப்பட்டது. அதன் பின்னரே அப்பாடல் அங்கு முதலிடத்தை அடைந்தது.

இவ்விரு விதிகளும் தமிழ்ச் சூழலுக்கு நேர்மாறானவை. தமிழில் பாடல் பெரிதும் திரைப்படத்தின் உறுப்பாக வெளிவந்தது. ஒரே இசைத்தட்டில் படத்தின் பல பாடல்கள் இருந்தன. எந்தப் பாடலுக்காக அத்தட்டு வாங்கப்பட்டது என்பதை விற்பனைக் கணக்கு காட்டாது. மேலும், தமிழ்ப் பாடலின் வாழ்வு வாரக்கணக்கில் அமைவதன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே திருவிழாவில் அதே பாடல் ஒலிப்பதே அதன் செல்வாக்கின் அடையாளம். முருகனைப் பாடும் ஒரு பாடல் ஆண்டுதோறும் கந்த சஷ்டியில் மீள ஒலிப்பதை வாரப் பட்டியல் ஒன்று எந்நாளும் பதிவு செய்யாது.

4. கடல் கடந்து வந்த வரிசை: இலங்கை வானொலி

இந்தியத் துணைக்கண்டத்தில் பாடல்களை வரிசைப்படுத்தும் வழக்கம் வானொலியின் வழியே வேரூன்றியது. 1952இல் அகில இந்திய வானொலியின் பொறுப்பை ஏற்ற அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அதில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைந்தன. அவ்விடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகள் அமைத்த ஆற்றல்மிக்க ஒலிபரப்பு நிலையம் போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் அதன் வர்த்தகச் சேவை தொடங்கியது. 1952 டிசம்பரில் அமீன் சயானி தொகுத்து வழங்கத் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' இந்தித் திரைப்பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைத் தகவலும் நேயர்களின் விருப்பமும் அதற்கு அடிப்படையாயின. முதலிடத்தைப் பிடித்த பாடலைக் கேட்க மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்ற காலம் அது. 1957இல் அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கியதற்கு இப்போட்டியும் ஒரு காரணம்.

தமிழ்ச் சேவை வேறு வழியில் சென்றது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் மன்னார் வளைகுடாவின் மறுகரையில் தூத்துக்குடி முதல் பொதிகை அடிவாரம் வரை வீட்டுக்குரல்களாயின. 'பொங்கும் பூம்புனல்', 'இரவின் மடியில்', 'பாட்டுக்குப் பாட்டு' முதலிய நிகழ்ச்சிகள் தென்மாவட்ட மக்களின் அன்றாடப் பொழுதைப் பகுத்தன. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் ஒரு பாடலுக்கு முன்னர் அதனைக் கேட்டு எழுதிய நேயர்களின் பெயர்களும் ஊர்களும் நீளமாக வாசிக்கப்பட்டன. பாடல் எத்தனையாவது இடம் என்பதைக் காட்டிலும், அதனை யார் யார், எந்த ஊரிலிருந்து விரும்பினர் என்பதே அங்கு முதன்மை பெற்றது. தமிழ் நேயருக்குக் கிடைத்த 'பட்டியல்' எண்களின் பட்டியல் அன்று, பெயர்களின் பட்டியல்.

திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி நிலையம் 1963இல் அமைந்தது. தமிழகத்தில் தனியார் பண்பலை முதற்கட்டமாக வந்த நகரங்களுள் சென்னை, கோயம்புத்தூர் ஆகியவற்றோடு திருநெல்வேலியும் ஒன்று. இவ்வாறு மூன்று தலைமுறை வானொலிகளைக் கேட்ட நிலப்பகுதி இது. ஆயினும் அமெரிக்க வானொலி ஒலிபரப்பு எண்ணப்பட்டதுபோல் இங்குள்ள ஒலிபரப்பு எந்தப் பன்னாட்டுப் பட்டியலுக்காகவும் எண்ணப்படவில்லை. ஹாட் 100 அமெரிக்க ஒலிபரப்பையும் அமெரிக்க விற்பனையையும் மட்டுமே கணக்கில் கொண்டது. 'பன்னாட்டுப் பட்டியல்' என்று நாம் வழங்கும் பெரும்பாலானவை உண்மையில் ஒரு நாட்டின் உள்நாட்டுப் பட்டியல்களே ஆகும்.

5. கொடை விழாவும் ஒலிநாடாவும்: எண்ணப்படாத கேட்பு

தாமிரபரணிப் படுகையின் இசைக்கேட்பில் வீட்டுக்கு நிகரான இடம் கோயிலுக்கு உண்டு. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கணியான் கூத்தின் மகுட இசையும் நிகழ்த்தப்படுகின்றன. இந்நிகழ்த்துகளுக்கு இடைப்பட்ட பொழுதெல்லாம் பந்தலிலும் பனைமரத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில் இசைத்தட்டுப் பாடல்கள் ஒலித்தன. வில்லுப்பாட்டு மரபை விரிவாக ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்னின் நூல் 1988இல் வெளிவந்தது. தமிழக ஊரொன்றில் ஒலிநாடாவை ஒலிபெருக்கியில் இசைப்பதே ஒரு வழிபாட்டு நிகழ்த்தாக அமைவதைப் பால் கிரீன் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். மைக் செட் வைத்திருப்பவர் எந்தப் பாடலை எப்பொழுது போடவேண்டும் என அறிந்திருப்பதும், விடியலுக்கு ஒன்று, சாமியாட்டத்துக்கு முன் ஒன்று, ஊட்டுக்களத்தில் ஒன்று எனத் தேர்வதும் கேட்பின் இலக்கணத்தை உணர்ந்த செயல்களாகும்.

இதனை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு கொடை விழாவில் ஒரே ஒலிநாடாவை 500 பேர் மூன்று நாட்கள் கேட்கின்றனர் எனக் கொள்வோம். விற்பனைப் பட்டியலில் அது 1. வானொலிப் பட்டியலில் 0. அதே 500 பேரும் அப்பாடலைத் தத்தம் கைப்பேசியில் ஒருமுறை பார்த்தால் அது 500. கேட்டவர்களும் அவர்களே, கேட்ட பாடலும் அதுவே. எண்ணிக்கை மட்டும் ஐந்நூறு மடங்கு உயர்கிறது. கூடிக் கேட்கும் சமூகத்தின் விருப்பம் தனித்துக் கேட்கும் சமூகத்தின் அளவுகோலில் எப்போதும் சிறுத்தே தோன்றும் என்பது இதனால் புலனாகும்.

1980களில் பரவிய ஒலிநாடா இவ்விடைவெளியை மேலும் அகலச் செய்தது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் கடைவீதிகளில் பாடல் பதிவு நிலையங்கள் பெருகின. வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை வெற்று ஒலிநாடாவில் பதிந்து தருவார். இசை நிறுவனத்தின் கணக்கில் இவ்விற்பனை இடம்பெறாது. வட இந்திய ஒலிநாடாப் பண்பாட்டை ஆராய்ந்த பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட நூலில், மலிவான இத்தொழில்நுட்பம் பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து வட்டார இசையை விடுவித்ததைச் சுட்டினார். அவ்விடுதலையே எண்ணிக்கைக்கு அப்பாற்படுதலாகவும் அமைந்தது. கடைக்காரரிடம் கொடுத்த அத்தாள்களே தமிழகத்தின் உண்மையான ஒற்றைப்பாடல் பட்டியல்கள் எனலாம். படத்திலிருந்து பாடலைப் பிரித்து, தன் விருப்ப வரிசையில் அடுக்கியவர் கேட்பவரே.

6. ஒரு வாக்கெடுப்பு காட்டிய இடைவெளி

விற்பனையையும் ஒலிபரப்பையும் விடுத்து நேயர்களையே நேரில் கேட்டால் என்ன நிகழும் என்பதற்கு 2002ஆம் ஆண்டு ஒரு சான்றைத் தந்தது. பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி உலகின் விருப்பப் பாடலைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்தியது. 1991இல் வெளிவந்த 'தளபதி' திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்து எஸ். பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காமிடம் பெற்றது. ஈழத்துடன் தொடர்புடைய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்னும் திருமலைச் சந்திரனின் பாடலும் முதற்பத்தில் இடம்பெற்றது. பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் கண்ட செரின் 'பிலீவ்', குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' ஆகியவை இவ்வாக்கெடுப்பில் 'ராக்கம்மா'வுக்குக் கீழே நின்றன.

இவ்வாக்கெடுப்பை மிகைப்படுத்துதலும் பிழையாகும். முதலிடம் பெற்ற அயர்லாந்துப் பாடலுக்கு ஆதரவாக மின்னஞ்சல் வழியே பரப்புரை நடந்தது. அணி திரண்டு வாக்களிப்போர் மிகுந்த எண்ணிக்கை பெறுவர். புலம்பெயர்ந்த தமிழர்களின் ஒருங்கிணைந்த ஆர்வமும் இதில் ஒலித்திருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவு. 1991 முதல் 2002 வரை எந்த மேலைப் பட்டியலிலும் தலைகாட்டாத பாடல், வினா மாறியதும் நான்காமிடத்தில் தோன்றியது. 'எதை வாங்கினீர்?' என்ற வினாவுக்கும் 'எதை விரும்புகிறீர்?' என்ற வினாவுக்கும் விடைகள் வேறு.

7. 2011க்குப் பின்: புலப்பாட்டின் தொடக்கம்

தமிழ்த் தொடர்புடைய இசை மேலைப் பட்டியல்களில் இடம்பெற்றது முதலில் ஆங்கிலத்தின் வழியே ஆகும். ஈழத் தமிழ்ப் பின்னணியில் லண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் ஹாட் 100இல் நான்காமிடத்தை எட்டியது. அப்பாடல் இடம்பெற்ற 'கலா' தொகுப்பின் 'பேர்டு ஃப்ளூ' சென்னையில் உறுமிக் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. தென்மாவட்டக் கோயில் விழாக்களில் ஒலிக்கும் அதே உறுமி இவ்வாறு மேலைச் சந்தைக்குச் சென்றது. ஏ. ஆர். ரகுமானின் 'ஜெய் ஹோ'வைப் புஸ்ஸிகேட் டால்ஸ் குழு ஆங்கிலத்தில் பாடிய வடிவம் 2009இல் ஹாட் 100இல் 15ஆம் இடம்வரை சென்றது. பட்டியல் பாடகரின் பெயரையும் பாடலின் பெயரையும் மட்டுமே காட்டும். இசைக்கருவியின் ஊரைக் காட்டாது.

2011 நவம்பர் 16 அன்று வெளியான 'ஒய் திஸ் கொலைவெறி டி' திருப்புமுனையாயிற்று. அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடிய அப்பாடல், '3' திரைப்படம் 2012 மார்ச் இறுதியில் வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே யூடியூபில் உலகெங்கும் பரவியது. படத்திலிருந்து பிரிந்து முதலில் வாழ்ந்த பாடல் அது. இன்று தமிழ்த் திரைத்துறையில் 'முதல் சிங்கிள்', 'இரண்டாம் சிங்கிள்' எனப் பாடல்களை ஒவ்வொன்றாக வெளியிடும் வழக்கம் இயல்பாகிவிட்டது. மேலை நாட்டில் விற்பனை அலகாக இருந்த 'சிங்கிள்' தமிழில் படத்தின் விளம்பரப் படிநிலையாகப் பொருள் மாறியது கருதத்தக்கது. 2021இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' போன்ற திரைப்படம் சாராத வெளியீடுகள் இவ்வலகுக்கு மீண்டும் தற்சார்பைத் தந்தன.

2019 ஜனவரியில் காணொளியாக வெளிவந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' பில்போர்டின் யூடியூப் பட்டியலில் நான்காமிடம் பெற்றது. 2020 நவம்பரில் அது நூறு கோடிப் பார்வைகளைக் கடந்தது. ஆயினும் ஹாட் 100இல் அதற்கு இடமில்லை. ஒரே நிறுவனத்தின் இரு பட்டியல்களில் ஒன்றில் நான்காமிடமும் மற்றொன்றில் இன்மையும் ஒருங்கே அமைந்ததன் காரணம் எல்லை வரையறையே. முன்னது உலகப் பார்வைகளை எண்ணியது. பின்னது அமெரிக்காவை மட்டும் எண்ணியது. 2016க்குப் பின் கைப்பேசித் தரவின் விலை இந்தியாவில் பெரிதும் வீழ்ந்தமையையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். கொடைப் பந்தலில் கூடிக் கேட்டவர் தனிக் கைப்பேசியில் கேட்கத் தொடங்கியதும் அவர் எண்ணப்படத் தொடங்கினார்.

2020 செப்டம்பரில் பில்போர்டு 'குளோபல் 200' என்னும் பட்டியலைத் தொடங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் தரவுகளை அது கொள்கிறது. இங்கும் சமனிலை முழுமையன்று. கட்டணம் செலுத்திக் கேட்பதற்கு மிகுந்த மதிப்பும், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதற்குக் குறைந்த மதிப்பும் அளிக்கப்படுகின்றன. அம்பாசமுத்திரத்தில் இலவசமாகக் கேட்கும் ஒருவரின் கேட்பு, கட்டணம் செலுத்தும் ஒருவரின் கேட்பினும் எடை குறைந்தது. மேலும் நிறுவனங்கள் முறைப்படி வெளியிட்ட பதிவுகளே கணக்கில் சேரும். கொடை விழாவில் பதிந்து ஊரார் தாமே இணையத்தில் ஏற்றும் வில்லுப்பாட்டுக் காணொளி எத்தனை பார்வை பெற்றாலும் அப்பட்டியலுக்குள் வாராது. 2021இல் இந்திய இசைத்துறை அமைப்பு வெளியிடத் தொடங்கிய முதல் முறைப்படியான ஒற்றைப்பாடல் பட்டியலும், அதன் பெயரே உணர்த்துவதுபோல், அயல்நாட்டுப் பாடல்களுக்கு உரியதாகவே அமைந்தது.

8. ஆய்வுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழிசை ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு பெறப்படுகின்றன.

முதலாவது, ஒரு பாடலின் இடத்தைக் குறிப்பிடும்போது பட்டியலின் பெயர், ஆண்டு, அது எண்ணிய பொருள், அதன் நில எல்லை ஆகிய நான்கையும் உடன் குறிப்பிட வேண்டும். 'பில்போர்டில் நான்காமிடம்' என்னும் தொடர் 'பேப்பர் பிளேன்ஸ்', 'ரவுடி பேபி' ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

இரண்டாவது, வெவ்வேறு காலத்து எண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் கூடாது. 1962இன் இசைத்தட்டு விற்பனையும் 2020இன் பார்வை எண்ணிக்கையும் ஓரலகில் அடங்குவன அல்ல. முன்னதில் ஒருவர் பணம் கொடுத்து ஒருமுறை வாங்கினார். பின்னதில் ஒருவரே பலமுறை பார்க்கலாம்.

மூன்றாவது, நீடிப்பை வேறோர் அளவாகக் கொள்ள வேண்டும். ஒரு பாடல் எத்தனை வாரம் உச்சத்தில் நின்றது என்பதோடு, எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எந்தச் சடங்கில், எந்தப் பொழுதில் ஒலிக்கிறது என்பதையும் களஆய்வின்வழிப் பதிய வேண்டும். இவ்வளவில் 'சிங்கார வேலனே' பெறும் இடம் மிக உயர்ந்தது.

நான்காவது, எண்ணப்படாத கேட்பின் எச்சங்களைத் திரட்டுதல். மைக் செட் உரிமையாளர்களின் இசைத்தட்டுச் சேகரங்கள், பதிவு நிலையங்களின் பாடல் பட்டியல் ஏடுகள், கையெழுத்தில் விவரம் குறித்த ஒலிநாடா உறைகள், கொடை விழா அழைப்பிதழ்கள், வானொலி நேயர் மன்றங்களின் கடிதப் படிகள் ஆகியன இப்பகுதியின் வீடுகளிலும் கடைகளிலும் கிடப்பவை. இவற்றை வைத்திருப்போர் முதுமை எய்திவிட்டனர். ஒலிநாடாவின் காந்தப்பூச்சு ஈரத்தில் உதிர்கிறது. அரக்குத்தட்டு கைதவறினால் உடைகிறது. கடையை மூடுவோர் இவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுகின்றனர். கல்லூரித் தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் முதுநிலை மாணவர்களின் களப்பணியாக இத்தொகுப்பை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு மைக் செட் உரிமையாளரையும் ஒரு பதிவு நிலையத்தாரையும் நேர்கண்டு பதிவு செய்தாலே அடிப்படைத் தரவு உருவாகிவிடும்.

9. முடிவுரை

பன்னாட்டுத் தரவரிசைப் பட்டியல்களின் எண்பதாண்டு வரலாறு, அவை மக்களின் விருப்பத்தை நேரே காட்டுவன அல்ல என்பதையும் எண்ணும் கருவியின் எல்லைக்குள் அகப்பட்டதை மட்டும் காட்டுவன என்பதையும் தெளிவுறுத்துகிறது. கடைக்காரரின் மறுமொழி, பட்டைக்குறியீடு, பதிவிறக்கம், பார்வை என்று கருவி மாறுந்தோறும் அதுவரை மறைந்திருந்த ஒரு மக்கட்பகுதி வெளிப்பட்டது. 2011க்குப் பின் தமிழ்ப் பாடல்கள் பெற்ற இடங்களையும் இவ்வகையிலேயே பொருள்கொள்ள வேண்டும். அவ்வாண்டில் தமிழர் புதிதாகக் கேட்கத் தொடங்கவில்லை. அவர்கள் கேட்பது புதிதாக எண்ணப்படத் தொடங்கியது.

தாமிரபரணிப் படுகையில் இலங்கை வானொலிக்குக் கடிதம் எழுதியவரும், கொடைப் பந்தலில் விடியும்வரை விழித்திருந்தவரும், தாளில் பாடல் எழுதிக் கொடுத்து ஒலிநாடா பதிந்தவரும் எந்தப் பட்டியலிலும் ஓர் எண்ணாக இல்லை. தமிழிசையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பட்டியல்களை மட்டும் கொண்டு எழுதினால் இவர்கள் அனைவரும் கேளாதவர்களாகவே கணக்கிடப்படுவர். காருகுறிச்சியின் நாகசுரம் எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதை இனி எவரும் கணக்கிட முடியாது. அதனை யார் கேட்டனர், எங்கே கேட்டனர், எதற்காக மீண்டும் மீண்டும் கேட்டனர் என்பதை அறிய இன்னும் சில ஆண்டுகள் வாய்ப்புண்டு.